நாகையில் ஏறி காங்கேசன்துறையில் இறங்கினோம்

கனடாவில் இருக்கும் நம்மவர்கள் யாழ்ப்பாணம் போவதென்றால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, வான் வண்டி பிடித்து, இரவிரவாக ஏ9 வீதியால் போவதுதான் வழக்கம். இந்த முறை நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் சிக்கல் என்ற ஊரில் இருக்கும் சிங்காரவேலரைக் கும்பிட அம்மாவுக்கு ஆசை இருந்தது. சென்னையில் இறங்கி நாகப்பட்டினம் போய், அங்கிருந்து கப்பலில் யாழ்ப்பாணத்தின் வடகரையில் இருக்கும் காங்கேசன்துறைக்குப் போனோம். வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டு இந்த வழியால் போக யோசிப்பவர்கள் பலர் இருப்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சேவையின் கதை சுருக்கமாக இது. 2023 அக்டோபர் 14 அன்று ‘செரியபாணி’ என்ற கப்பலோடு தொடங்கியது. சில நாட்களிலேயே மழைக்காலம் வந்து நின்றுபோனது. 2024 ஆகஸ்ட் 16 அன்று ‘சிவகங்கை’ என்ற வேறொரு கப்பல் ஓடத் தொடங்கியது. அதுவும் நவம்பரில் நின்று, 2025 பிப்ரவரி 22 அன்று மறுபடி ஆரம்பித்தது. சுமார் 60 கடல் மைல், நான்கு மணி நேரப் பயணம். இருக்கைகள் 150.

எங்களுக்கு முதலில் கிடைத்த நாளில் கப்பல் போகவில்லை, கடல் சரியில்லை என்றார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாங்கள் பதிவு செய்த முகவர் அதை முதல் நாள் இரவு வெகுநேரம் கழித்துத்தான் சொன்னார். பணத்தைத் திருப்பித் தருவதா, வேறு நாளுக்கு மாற்றித் தருவதா என்று தெளிவான பதில் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. காற்றைப் பொறுத்து ஓடும் சேவையில் இந்த விதியைச் சீட்டிலேயே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு விடுமுறையும் திரும்பும் விமானமும் கணக்காக இருக்கும். ஆகவே இரண்டு மூன்று நாள் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

நாகைத் துறைமுகம் கடுவையாற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. இந்தச் சேவைக்காக அதைச் சீர்படுத்த இந்திய வெளியுறவு அமைச்சு தமிழ்நாடு கடல்சார் வாரியத்துக்கு ஏறத்தாழ 8 கோடி ரூபாய் கொடுத்தது. குடிவரவு, சுங்கம், பொதி சோதனை எல்லாம் ஒரே கட்டடத்தில் என்பதால் நடை குறைவு. விமான நிலையத்தில் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து இழுத்ததோடு பார்த்தால் இங்கே அவர் தானாகவே நடந்து முடித்துவிட்டார். கப்பலில் ஏறும் இடத்தில் ஒரு பையன், “பாட்டி, பார்த்து, அவசரமே இல்ல” என்று கையைப் பிடித்து ஏற்றினான். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

ஆற்றுமுகத் துறை என்றால் மணல் சேர்ந்துகொண்டே இருக்கும், திரும்பத் திரும்பத் தூர்வார வேண்டும். ரஜுலா என்ற பழைய பயணிகள் கப்பல் மலாயாவுக்கு ஓடிய காலத்தில்கூட அது நாகைக்கு வெளியே நங்கூரமிட, ஆட்களைப் படகில் கொண்டுபோய்த்தான் ஏற்றினார்கள். இன்றும் கரைக்கு வருவது சின்னக் கப்பல்தான். சின்னக் கப்பல் என்றால் கடல் கொஞ்சம் பொங்கினாலும் பயணம் ரத்து. வாடைக்காற்று தொடங்கினால் மாதக்கணக்கில் சேவையே இல்லை. சீட்டு விலை, ஆசனம், சாப்பாடு பற்றியெல்லாம் நாம் நிறையப் பேசுகிறோம். அடிப்படைப் பிரச்சினை ஆழமும் அலைதடுப்புச் சுவரும்தான்.

நடுக்கடலில் எழுத அதிகமில்லை. குளிர்சாதன அறை, நல்ல ஆசனம், நிறைய நீலம். தலைசுற்றுகிறவர்கள் குளிசையைக் கரையிலேயே போட்டுவிடுங்கள்.

காங்கேசன்துறையில் இறங்கியதும் கடற்படையினர் கட்டிய பயணிகள் முனையம். 2023 ஜூன் 16 அன்று ‘எம்பிரஸ்’ என்ற உல்லாசக் கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை வழியாக வந்த நாளில்தான் இதைத் திறந்தார்கள். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற ஒருவர், “அம்மா, நீங்க இதில இருங்கோ, பிள்ளை வரிசையில நிக்கட்டும்” என்று தன் பெட்டியை நகர்த்தி இடம் கொடுத்தார். அம்மாவுக்கு அந்தப் பேச்சைக் கேட்டதுமே ஊருக்கு வந்த நிறைவு. வெளியே வந்து ஆட்டோ பிடித்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்குப் போனோம்.

உல்லாசக் கப்பல்கள் வரட்டும் என்றே நானும் விரும்புகிறேன். கீரிமலைத் தீர்த்தக்கேணி பக்கத்தில் இருக்கிறது, நல்லூரும் யாழ்ப்பாண நூலகமும் ஒரு மணி நேரத் தூரத்துக்குள். கிழக்கே கொஞ்சம் போனால் வல்வெட்டித்துறை. அங்கே கட்டிய ‘அன்னபூரணி’ பாய்க்கப்பலை ஒரு அமெரிக்கர் வாங்க, வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை அட்லாண்டிக் தாண்டிச் செலுத்தி 1938இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கப்பலில் வருகிற வெளிநாட்டவருக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எங்கே இருக்கிறது? வரலாறு தெரிந்த வல்வெட்டித்துறைப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிப் பயிற்சி கொடுத்தால் அந்த வருமானம் ஊரிலேயே நிற்கும்.

காங்கேசன்துறைத் துறைமுகத்தைப் புனரமைக்க இந்தியா 6.15 கோடி டாலரை நன்கொடையாகத் தர ஒப்புக்கொண்டிருக்கிறது. முதலில் கடனாக இருந்த திட்டம் இது. நன்கொடையாக மாறியது மிகப் பெரிய விஷயம். அலைதடுப்பு சரியாகி, ஆழமும் கிடைத்தால் பெரிய கப்பல் கரையோடு கட்டலாம். அதே ஆழத்தில் நம் பயணிகள் கப்பலும் கொஞ்சம் பெரிதாகி, காற்றுக்காலத்திலும் இன்னும் சில வாரங்கள் கூடுதலாக ஓடும்.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அந்தக் கரை முழுக்க 1990இல் போரால் சனம் எழும்பி ஓடிய நிலம். ராணுவத்தின் பிடியில் இருந்த பக்கத்து மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் திரும்பி வந்ததே 2017இல்தான். இன்னும் காணிக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. சுற்றுலாவுக்கென்று விடுதியும் படகுத்துறையும் கட்ட இடம் தேடும்போது முதலில் அவர்களோடு பேச வேண்டும். மீன்பிடி வள்ளங்களுக்கு வழி விட்டுத்தான் உல்லாசப் படகுகளுக்கு இடம் குறிக்க வேண்டும்.

பெரிய பணம் இல்லாமலே செய்யக்கூடியவையும் இருக்கின்றன. காங்கேசன்துறை ரயில் நிலையம் 2015இலிருந்து மறுபடி இயங்குகிறது. துறைமுகத்துக்கு வெகு கிட்ட. கப்பல் வரும் நேரத்தைப் பார்த்து ரயிலையோ யாழ்ப்பாண பஸ்ஸையோ பொருத்தி, நேர அட்டவணையை இரண்டு கரையிலும் தமிழில் ஒட்டினால் பாதிப் பேருக்கு ஆட்டோ தேவைப்படாது.

போகிறவர்களுக்கு: இலங்கை ரூபாய் கொஞ்சம் முன்கூட்டியே மாற்றி வைத்திருங்கள். மறுபக்கம், அதாவது காங்கேசன்துறையிலிருந்து நாகைக்கு வருகிறவர்கள், இந்திய மின்விசாவில் எந்தத் துறைமுகங்கள் வழியாக நுழையலாம் என்று தனிப் பட்டியல் இருப்பதால் அதைப் பார்த்துவிட்டுச் சீட்டு எடுங்கள்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தையொட்டி, ஆகஸ்ட் 29இல் வேளாங்கண்ணிக் கொடியேறும். அந்த வாரங்களில் இரண்டு பக்கமும் ஆட்கள் நிறைவார்கள். அப்போது மட்டுமாவது ஒரு நாளைக்கு இரண்டு தடவை விடுங்கள் என்று சேவை நடத்துபவர்களுக்கு எழுதியிருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள்.