எளிதில் தோன்றக்கூடியதா? ஒரு பார்கோட் ஸ்கேனரை அளந்த இரண்டு முறைகள்

பரந்தனில் நெற்களஞ்சியம் ஒன்றுக்காக நண்பர் உருவாக்கிய கம்பியில்லாப் பார்கோட் ஸ்கேனருக்கு ஆக்கவுரிமை (பேட்டன்ட்) கோரும் ஆவணத்தை எழுதியபோது, 'துறை அறிந்த எவருக்கும் இது தோன்றியிருக்கும், ஆகவே ஆக்கவுரிமை கிடையாது' என்ற ஆட்சேபத்துக்கு அமெரிக்க முறையில் பதில் தயாரிப்பதா, ஐரோப்பிய முறையிலா என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. நான் ஐரோப்பிய முறையையே எடுத்தேன். இலங்கையில் நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் துறையில் சாதாரணத் திறனுள்ளவரையே அளவுகோலாக வைக்கிறது.

அமெரிக்க நிலைப்பாடு 2007இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்த கேஎஸ்ஆர் எதிர் டெலிஃபிளெக்ஸ் வழக்கில் உறுதியானது. தெரிந்த பாகங்களைத் தெரிந்த வழியில் இணைத்து எதிர்பார்த்த பலனையே பெற்றால், இணைக்கும்படி பழைய ஆவணம் எதுவும் வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும், அது எளிதில் தோன்றக்கூடியதாகலாம். இந்த நெகிழ்வு பயனுள்ளதுதான்.

ஆனால் எனக்குத் தீர்க்கமாகப் பட்டது ஒன்றே: விடையைக் கண்டபின் எல்லாமே எளிதாகத் தெரியும் என்ற ஆபத்து. அமெரிக்க நீதிமன்றமும் அதை எச்சரித்தது. ஐரோப்பிய முறையோ அதைத் தடுக்கப் படிகளையே வகுத்திருக்கிறது. மிக நெருங்கிய முந்தைய கருவியை எடுத்து, வேறுபாட்டைக் குறித்து, அந்த வேறுபாடு தீர்க்கும் தொழில்நுட்பச் சிக்கலை வரையறுத்து, திறனுள்ளவர் இத்தீர்வை எட்டியிருக்க முடியுமா என்பதோடு நிற்காமல், உண்மையில் எட்டியிருப்பாரா என்று கேட்க வேண்டும்.

களஞ்சியத்தின் பின்வரிசையில், அடுக்கிய மூட்டைகளுக்கும் தகரச் சுவருக்கும் இடையில் தொடர்பு அறுந்துவிடும். நண்பரின் ஸ்கேனர் வாசிப்புகளைத் தன்னுள் சேமித்து, தொடர்பு வந்ததும் அனுப்பும். இந்தப் படிகளில் வைத்துப் பார்த்ததும், நினைவகமுள்ள கையடக்கக் கருவிகள் ஏற்கெனவே இருப்பதால் சேமிப்பை மட்டும் வைத்தால் வாதம் நிற்காது என்பது புலப்பட்டது. தொடர்பற்ற நிலையில் இரண்டு ஸ்கேனர்கள் ஒரே மூட்டையை வாசித்திருந்தால் எந்தப் பதிவை விடுவது என்று தீர்மானிக்கும் முறையே மிஞ்சியது. கோரிக்கையை அதற்கே சுருக்கினோம்.

இம்முறையிலும் ஒரு பலவீனம் உண்டு. கம்பியில்லா ஸ்கேனருக்குப் பதில் நினைவகக் கருவியைத் தொடக்கப் புள்ளியாக்கினால், தீர்க்க வேண்டிய சிக்கலே மாறிவிடும். ஆகவே இரு தொடக்கங்களுக்கும் பதில் எழுதிவைத்தோம். அமெரிக்காவிலும் விண்ணப்பிப்பவர், எதிர்பாராத பலனையும், முந்தைய ஆவணங்கள் அந்த வழியை விட்டு விலக்கியிருந்தால் அதையும் தனியே காட்டுவது நல்லது. அங்கு நேரடியாக வாதாடிய அனுபவம் எனக்கில்லை, தீர்ப்புகளைப் படித்த அளவிலேயே இதைச் சொல்கிறேன்.