இன்ஜின் ஹெட்டைக் கழற்றும் முன் இந்த நீல மருந்தைப் பாருங்கள்

லாரி இன்ஜின் சூடேறி நின்றுவிட்டால், இருக்கிறதைச் சரிசெய்வதா, வேறு இன்ஜின் ஏற்றுவதா என்று உடனே பேச்சு எழும். அந்தப் பேச்சுக்கு முன்னால் ஒரு சின்னக் கருவிக்கு நேரம் கொடுங்கள் என்பதுதான் என் கருத்து. இன்ஜினுக்குள் எரிந்த புகை கூலன்டில் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தில்) கலக்கிறதா என்று காட்டும் சோதனைக் கருவி அது: கண்ணாடி போன்ற ஒரு குழாய், மேலே ரப்பர் பல்பு, உள்ளே நீல நிற மருந்து.

வேலை செய்யும் விதம் எளிது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து, கூலன்ட் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கி, ரேடியேட்டர் வாயில் குழாயை வைத்து, இன்ஜினை ஓடவிட்டுப் பல்பை அமுக்கி மேலே நிற்கும் காற்றை மருந்து வழியாக இழுக்க வேண்டும். கார்பன் டை ஆக்ஸைடு இருந்தால் நீலம் பச்சையாகி மஞ்சளாகும். கூலன்ட் ஒரு சொட்டு உள்ளே போனாலும் அந்த மருந்து வீண்.

டீசல்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சும்மா ஓடும் டீசல் இன்ஜினின் புகையில் கார்பன் டை ஆக்ஸைடு சில சதவீதம்தான்; பெட்ரோலில் 13 சதவீதத்துக்கு மேல். அதனால் முழு மஞ்சளுக்குக் காத்திருக்காதீர்கள், பச்சை வந்தாலே சந்தேகப்படுங்கள். சில பெட்டிகளோடு வரும் தாள் காருக்காக எழுதப்பட்டது, இதைச் சொல்வதில்லை. குழாயின் அடியில் உள்ள ரப்பர் கூம்பும் லாரியின் அகலமான டேங்க் வாயில் சரியாக உட்காராது. இரண்டும் எனக்குப் பிடிக்காத விஷயங்கள்.

ஆனாலும் இதை நான் மனதார நம்புவதற்குக் காரணம், பிரேக்குக்குக் காற்றை அழுத்தித் தரும் ஏர் கம்ப்ரசர். ரேடியேட்டரில் குமிழி வந்ததும் ‘ஹெட் பேக்கிங் போச்சு’ என்று சொல்லிவிடுவார்கள்; அதாவது சிலிண்டர்களுக்கு மூடியான ஹெட்டுக்கும் இன்ஜின் உடலான பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு கிழிந்துவிட்டது என்று. ஏர் பிரேக் உள்ள பல லாரிகளில் கம்ப்ரசர் ஹெட்டும் இதே கூலன்டில்தான் குளிர்கிறது. அதன் பேக்கிங் கிழிந்தால் வெறும் காற்று கூலன்டுக்குள் ஏறும். குமிழி வரும், கூலன்ட் பொங்கும், இன்ஜினும் சூடேறும். என் வண்டியில் இதேதான் நடந்தது. மருந்து கடைசிவரை நீலமாகவே இருந்தது. ஏர் டேங்க் நிறைந்து கம்ப்ரசர் அழுத்துவதை நிறுத்தியதும் குமிழியும் குறைந்தது. கம்ப்ரசர் ஹெட்டை மட்டும் பார்த்ததோடு வேலை முடிந்தது, இன்ஜினைப் பிரிக்கவே இல்லை.

பச்சையானதை மட்டும் வைத்து ஹெட் பேக்கிங்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இ.ஜி.ஆர். கூலர் (மறுபடி இன்ஜினுக்குள் போகும் புகையைக் கூலன்டால் ஆற்றும் பாகம்) உள்ளே ஒழுகினாலும் புகை கூலன்டுக்கு வரும். ஆயில் கூலர் ஒழுக்கையும், லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை) ஓ-ரிங் வழியாக ஆயில் தேங்கும் சம்ப்பில் இறங்கும் கூலன்டையும் இந்தக் கருவி காட்டாது. அதற்கு ஆயிலை இறக்கிப் பார்க்க வேண்டும்.

சரி, ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றான பிறகு பார்க்க வேண்டியவை வேறு. நேர்க்கட்டையும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து ஹெட் வளைந்திருக்கிறதா என்று அளக்க வேண்டும், விரிசல் சோதனை செய்ய வேண்டும், லைனரில் பிஸ்டன் கீறியிருக்கிறதா, மெயின் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லைனரைச் சுற்றிக் கூலன்ட் ஓடும் வெட் லைனர் இன்ஜினில் லைனர், பிஸ்டன் செட்டை மாற்றிக்கொள்ளலாம், அதற்காக இன்ஜினையே தூக்கிப் போட வேண்டியதில்லை. பிளாக் விரிசல் விட்டிருந்தாலோ, மெயின் பேரிங் உட்காரும் துளைகள் நெளிந்திருந்தாலோ வேறு இன்ஜின் ஏற்றுவதுதான் நல்லது. அப்படி ஏற்றும்போது பழைய ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஃபேன் கிளச் நான்கையும் சோதிக்காமல் விட்டால் புது இன்ஜினும் அதே சூட்டில் போய்விடும்.

கருவி வாங்குபவர்களுக்கு ஒரு யோசனை: மருந்து நாளாக நாளாகக் கெடும். ஒவ்வொரு சோதனைக்கு முன்னாலும் கொஞ்சம் மருந்தில், எக்ஸாஸ்ட் குழாய் அருகே உள்ள காற்றை இழுத்துப் பாருங்கள். நிறம் மாறவில்லை என்றால் வேறு புட்டி வாங்கிவிடுங்கள்.