ஒரு மில்லிமீட்டர் துரு என்றால் 70 சென்டிமீட்டர்

முதலில் ஒரு கணக்கு. 1/700 அளவு பிளாஸ்டிக் மாடல் கப்பலில் ஒரு மில்லிமீட்டர் என்பது கடலில் 70 சென்டிமீட்டர். நங்கூரத் துளைக்குக் கீழே தூரிகை நுனியால் "சும்மா ஒரு கோடு" இழுத்தால், நிஜக் கப்பலில் அது வாசல் கதவு அகலத்துக்குத் துரு. அப்படி ஒரு துருவை விட்டுவைத்த கடற்படை அதிகாரிக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கியிருக்காது.

இந்தக் கணக்கு என் மண்டையில் ஏற ஒரு கப்பல் பலியானது. போன வருஷம் 'ரிபல்ஸ்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாடல் செய்தேன். துரு எஃபெக்ட் என்று ஒரு பாட்டில் வாங்கியிருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். திறந்தால் சாலையோர ஆரஞ்சு சர்பத் நிறம், காய்ந்தால் பளபளப்பு. அட்டையில் இருந்த படத்தைப் பார்த்து நானும் தாராளமாக வடியவிட்டேன். பள்ளி விட்டு வந்த பேரன் பார்த்துவிட்டுக் கேட்டான்: "கப்பல்ல கிச்சாப் ஊத்திட்டீங்களா தாத்தா?" அந்தக் கப்பல் இப்போது ஸ்டோரில், பழைய பெயிண்ட் டின்களுக்குப் பின்னால்.

எனக்கு இன்னும் வெட்கமான விஷயம், துரு எனக்குத் தெரியாத பொருள் இல்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் மில்லில் 27 வருஷம் ஃபிட்டர். குலையை ஆவியில் வேகவைக்கும் ஸ்டெரிலைசரைச் சுற்றி எந்த இரும்பும் இரண்டு மழைக்காலம் தாங்காது. எண்ணெய் டாங்கியில் துரு எப்படி இறங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: போல்ட்டுக்குக் கீழே ஆரம்பிக்கும், ஏணி ஒட்டும் இடத்தில் ஆரம்பிக்கும், கீழே போகப் போக மெலியும். நிறம் ஆரஞ்சு இல்லை. நேற்றுப் பிடித்த துருதான் ஆரஞ்சு. பழையது காபித்தூள் மாதிரி இருக்கும். இத்தனையும் தெரிந்தவன் பாட்டில் அட்டையைப் பார்த்து ஏமாந்தேன்.

இந்தத் தடவை இன்னொரு பிரிட்டிஷ் போர்க்கப்பல், 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', தாமியா என்ற ஜப்பானியக் கம்பெனியின் 1/700 கிட். தண்ணீர் மட்டத்துக்கு மேலே உள்ள உடல் மட்டும் வரும் வாட்டர்லைன் ரகம். நிஜக் கப்பல் 227 மீட்டர் நீளம். மேசையில் 32 சென்டிமீட்டர், ஒரு பள்ளிக்கூட ரூலரைவிடக் கொஞ்சம் கூடுதல். கிட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: பாகங்கள் ஒன்றோடொன்று சரியாக உட்காருகின்றன, இடைவெளி அடைக்கும் மாவு டப்பாவைத் திறக்கவே இல்லை. 14 அங்குல பீரங்கிகள் பத்தும் (நாலு, நாலு, இரண்டு என்று மூன்று கோபுரங்களில்) நேராக நிற்கின்றன. இனி எழுதப்போவது பெயிண்டையும் அழுக்கையும் பற்றித்தான்.

ஏன் இந்தக் கப்பல்? நம் கடலில் கிடக்கிற கப்பல், அதனால்தான். 1941 டிசம்பர் 2-ஆம் தேதி சிங்கப்பூர் வந்தது, 10-ஆம் தேதி மதியம் குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களின் டார்ப்பிடோவிலும் குண்டிலும் மூழ்கியது. கூடப் போன ரிபல்ஸ் அதற்குச் சற்று முன்பே மூழ்கிவிட்டது. இரண்டிலும் சேர்த்து 840 பேர் இறந்தார்கள். இரண்டு மாதத்தில் சிங்கப்பூரும் விழுந்தது. பிறகு ஜப்பானியர்கள் தோட்டத்துச் சனங்களைச் சயாம்-பர்மா ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். என் அம்மாவைப் பெற்ற தாத்தா அதில் போனவர், திரும்பவில்லை. அதற்கு மேல் எழுதினால் இது விமர்சனமாக இருக்காது.

சரி, இந்தக் கப்பலுக்கு எவ்வளவு அழுக்கு? அது படையில் சேர்ந்தது 1941 ஜனவரியில். மூழ்கும்போது வயசு பதினொரு மாதம். பழைய இரும்பு இல்லை. ஆனால் சும்மா கட்டிப்போட்டு வைத்திருந்த கப்பலும் இல்லை. மே மாதம் ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கோடு சண்டை போட்டு அடி வாங்கியது, ஆகஸ்டில் சர்ச்சிலை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைத் தாண்டியது, அக்டோபர் கடைசியில் ஸ்காட்லாந்தை விட்டு ஃப்ரீடவுன், கேப் டவுன், கொழும்பு வழியாக இங்கே வந்தது. அதனால் என் தீர்ப்பு: உப்பு உண்டு, வெளுப்பு உண்டு, புகைக்கரி உண்டு, துரு, தேடினால் தெரிகிற அளவு.

இதில் அடிப்பெயிண்டுதான் சோதனை. உருமறைப்புக் கோலம் எல்லாம் சாம்பல் குடும்பம், ஒன்றுக்கொன்று அரை சுதி வித்தியாசம். இடப்பக்கம் ஒரு வடிவம், வலப்பக்கம் வேறு. வரைபடத்தைப் போட்டோகாப்பி எடுத்து, வெட்டி, மாஸ்கிங் டேப்பின் மேல் வைத்துக் கீறினேன். மூன்று ராத்திரி. வெளிர்நிறத்துக்குத் தாமியாவின் அக்ரிலிக் பெயிண்ட் எக்ஸ்.எஃப்-80 ராயல் லைட் கிரே, அதில் சில துளி வெள்ளை கலந்து. இவ்வளவு சின்ன அளவில் புட்டி நிறத்தை அப்படியே அடித்தால் கப்பல் இருண்டு போகும். தூரத்தில் இருக்கிற பொருள் வெளுத்துத்தான் தெரியும்.

இப்போது பாராட்ட வேண்டிய சாமான். தாமியா பேனல் லைன் ஆக்சென்ட் கலர், 40 மில்லி புட்டி, மூடியிலேயே மெல்லிய தூரிகை. ஈப்போவில் வாங்கியபோது 20 வெள்ளிக்குள் (ரிங்கிட்) வந்தது. இது இடுக்குகளில் ஓடி நிழல் காட்டுவதற்காகத் தண்ணீராகக் கரைத்து வைத்த எனாமல் பெயிண்ட். பளபளப்பு கிளியர் (நிறமில்லாத வார்னிஷ்) அடித்த பரப்பில் தூரிகை நுனியால் ஒரு மூலையில் தொட்டால் போதும், கோபுரத்தைச் சுற்றித் தானே ஓடிப் போய் நிற்கும். முதல் தடவை பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மேட் (பளபளப்பில்லாத) பரப்பில் மட்டும் வேண்டாம், மையொற்றுத் தாளில் விழுந்த மை மாதிரி பரவிவிடும். கூடுதலானதை அரைமணி கழித்து எனாமல் தின்னரில் நனைத்த காது பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுக்கலாம். அடியில் இருக்கும் அக்ரிலிக் அசையாது.

துடைக்கும் திசைதான் வித்தை. பக்கச் சுவரில் மேலிருந்து கீழே மட்டும் துடைக்க வேண்டும். அப்போது மிச்சம் நிற்கிற மெல்லிய கறைதான் மழையும் உப்பும் இறங்கிய தடம். தனியாகத் துருக்கோடு போடவே தேவையில்லை. இரண்டு நங்கூரத் துளைக்குக் கீழே மட்டும் பழுப்பை ஒரு முறை தொட்டு, முக்கால்வாசியைத் துடைத்தேன். எங்கள் டாங்கியில் பார்த்த அதே கறை.

ஒரு எச்சரிக்கை, என் கைத்தவறில் கற்றது. பெயிண்ட் படாத பிளாஸ்டிக்கில் இந்தத் தின்னர் தேங்கினால் அது நொறுங்கும். ரிபல்ஸின் பாய்மரத் தண்டு ஒன்று அப்படித்தான் உடைந்தது. மூட்டில் குளம் கட்டவிட்டது நான். குறைவாக எடுங்கள், ஈரத்தை உடனே ஒற்றுங்கள்.

அடுத்து தாமியாவின் வெதரிங் மாஸ்டர், பி செட், அழுக்குக் காட்டத் தேய்க்கிற பவுடர். பனி, கரி, துரு என்று மூன்று நிறம், ஸ்பாஞ்சோடு. டப்பாவைப் பார்த்து வீட்டுக்காரி, "யாருக்கு இந்த மேக்கப்?" என்றாள். நியாயமான கேள்விதான். கரியைப் புகைபோக்கி இரண்டின் வாயிலும் பின்சரிவிலும் தேய்த்தேன், ரொம்ப அழகாக உட்கார்ந்தது. பனி என்ற வெள்ளையைத் தண்ணீர்மட்டத்தை ஒட்டி மிக லேசாக வைத்தால் உப்புப் பூத்த மாதிரி இருக்கும். இந்த யோசனை எனக்கே பிடித்துப்போயிற்று. துரு நிறத்தை நங்கூரச் சங்கிலியில் மட்டும் வைத்தேன். பவுடர் என்பதால் கை படும் இடத்துக்கு ஆகாது. மேலே கிளியர் அடித்தால் பாதி மங்கும், அதனால் கடைசிக் கிளியருக்குப் பிறகே இதைச் செய்யுங்கள்.

கடைசி மேட் கிளியர் விஷயத்தில் நம் ஊர் வானம்தான் முதலாளி. நான் கார்ப்போர்ச்சில் ஸ்ப்ரே டின்னில் அடிப்பவன். ஈரக்காற்றில் அடித்தால் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துவிடும். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் அடிக்க வேண்டும், பகல் சாப்பாட்டுக்குள் முடித்துவிட வேண்டும். மலைப்பக்கம் கருக்கல் கட்டினால் டின்னை மூடி வைத்துவிட்டு ஒரு தே தாரே குடிக்கப் போய்விடுவேன். இரண்டு முறை அப்படித் தள்ளிப்போட்டேன்.

பேரன் மறுபடி வந்து பார்த்தான். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "இதுல அழுக்கே இல்லையே தாத்தா" என்றான். கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். "ஓ" என்றான்.

வாங்குபவர்களுக்கு: பேனல் லைனில் கருப்பை எடுக்காதீர்கள். வெளிர் சாம்பல் கப்பலில் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரித் தெரியும். பக்கச் சுவருக்குச் சாம்பல், மரத்தளத்துக்குக் கரும்பழுப்பு, இரண்டு புட்டி போதும். ஐந்தாறு கப்பலுக்கு வரும். நான் தெரியாமல் வாங்கிய கருப்புப் புட்டி மூடி திறக்காமல் அப்படியே இருக்கிறது. போர் டாங்கி மாடல் செய்கிறவர்கள் யாராவது சுங்கை சிப்புட் பக்கம் இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம்.