திரைக்கு வந்த பேரேடுகள்: பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளின் பதிவுகளோடு சில வருடங்கள்

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி சேர்ப்பவர்களுக்குச் சீரியல் நம்பர்தான் ஆரம்பம். அந்த எண்ணுக்கு நேரே தொழிற்சாலைப் பேரேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தால் பாதி வழக்கு முடிந்த மாதிரி. முன்பு அதற்குக் கடிதம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இப்போது நிறைய விஷயங்களைக் கணினியிலேயே தேடலாம், பணமும் கட்டலாம். சில வருடங்களாக இவற்றைப் புரட்டிக்கொண்டே இருக்கிறேன். பணம் கொடுக்கத் தகுந்தவையும் உண்டு, தேவையில்லாதவையும் உண்டு.

அமெரிக்கத் துப்பாக்கிகளில் நிலைமை நன்றாகவே இருக்கிறது. எல்.சி. ஸ்மித் துப்பாக்கிகளின் பதிவுகள் வயோமிங் மாநிலத்தில், கோடி நகரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கனெக்டிகட்டின் மெரிடனில் தயாரான பார்க்கருக்கு, அதன் சேகரிப்பாளர் சங்கம் மிஞ்சிய ஏடுகளைப் பார்த்துக் கடிதம் தருகிறது. பார்க்கர் 1934-இல் ரெமிங்டன் கைக்குப் போனது. எல்லா ஏடுகளும் தப்பவில்லை, அதனால் ‘பதிவு கிடைக்கவில்லை’ என்ற பதிலுக்கும் மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

கிடைத்துவிட்டால் அதன் பலன் பெரிது. பார்க்கரில் வி.ஹெச். என்றால் வல்கன் எஃகுக் குழலோடு வந்த, வெளிச்சுத்தி இல்லாத சாதாரண ரகம். டி.ஹெச். செதுக்கு வேலையோடு வரும் உயர்ந்த ரகம், அதைவிட அதிக விலை போகும். விற்பனைக்கு வந்த ஒரு பார்க்கரில் செதுக்கு வேலை டி.ஹெச். போலவே அழகாக இருந்தது. பதிவில் பார்த்தால் வி.ஹெச்., குழல் 30 அங்குலம். கையில் இருந்ததோ 26 அங்குலம். யாரோ பின்னாளில் செதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள், குழலையும் அறுத்திருக்கிறார்கள். சோக் என்கிற, குழல் சற்றுக் குறுகும் பகுதி வாய்ப்பக்கம்தான் இருக்கும் என்பதால், அறுத்ததோடு அதுவும் போயிற்று. விற்பவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

ஒரு எரிச்சல் உண்டு. ஒரு கட்டணச் சேவையில் பேரேட்டின் படம் தராமல் தட்டச்சு செய்த வரியை மட்டும் தருகிறார்கள். பழைய எழுத்தர் கையெழுத்தில் 1-உம் 7-உம், 3-உம் 8-உம் ஒன்றுபோல் இருக்கும். பிரதி எடுத்தவர் தடுமாறினால் வேறொரு துப்பாக்கியின் வரலாறு நம் தலையில் விழும். பக்கத்தின் படம் கேட்டால் தருவார்களா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள். படம் இருந்தால் மேலும் கீழும் உள்ள எண்களோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். இலவசமாகச் சுற்றிவரும் ‘சீரியல் நம்பர் – ஆண்டு’ அட்டவணைகளை நான் தோராயத்துக்கு மட்டும்தான் வைத்துக்கொள்கிறேன். எண் அடித்த நாள் வேறு, துப்பாக்கி தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாள் வேறு.

பேட்டன்ட் தேடலில் கூகுள் பேட்டன்ட்ஸ் எனக்கு ரொம்ப உதவியது. அமெரிக்கக் காப்புரிமைகள் முழுக்க அங்கே உண்டு. ஆனால் பழையவற்றின் எழுத்தைக் கணினி தாறுமாறாக வாசித்திருக்கும், பெயரைப் போட்டுத் தேடினால் சிக்காது. துப்பாக்கியின் மேல் அடித்திருக்கும் காப்புரிமைத் தேதியை வைத்துத் தேடினால் வரைபடத்தோடு வந்து நிற்கும்.

பிரிட்டிஷ் துப்பாக்கிகளுக்கு வந்தால், நான் முதலில் திறப்பது கணினியை அல்ல, குழலை. பேரேடு சொல்வது துப்பாக்கி கடையை விட்டுப் போன நாள்வரை. அதற்குப் பின் நடந்ததை, குழல் வெடிமருந்தைத் தாங்குமா என்று சோதித்து முத்திரையிடும் லண்டன், பர்மிங்காம் புரூஃப் ஹவுஸ்களின் முத்திரைகளில்தான் தேட வேண்டும். ‘நாட் ஃபார் பால்’ (ஒற்றைக் குண்டு சுட அல்ல) என்று இருந்தால் 1875-க்கும் 1887-க்கும் இடைப்பட்ட விதிகளில் சோதித்த சோக் குழல். பர்மிங்காமில் 1921 முதல் தேதியைக் குறிக்கும் எழுத்தும் சேர்ந்துகொண்டது. குழலில் 13-உம் அதன் கீழ் 1-உம் இருந்தால், சோதித்தபோது உள்விட்டம் .719 அங்குலம் என்று அர்த்தம். இன்று அளந்தால் .729-ஐத் தொடுகிறதா? அப்படியானால் பின்னால் யாரோ உள்ளே தேய்த்திருக்கிறார்கள், பழைய சோதனை செல்லாது. பேரேட்டில் எவ்வளவு பெரிய பிரபுவின் பெயர் இருந்தாலும் அதை வைத்துச் சுடக்கூடாது. இந்த முத்திரை விளக்கங்கள் இணையத்தில் காசில்லாமலே கிடைக்கின்றன. இத்தனை வருடத்தில் எனக்கு அதிகம் பயன்பட்டதும் அவைதான்.

பர்டி, ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் மாதிரிப் பெரிய பெயர் என்றால் அந்த நிறுவனத்திடமே கேட்டுப் பணம் கட்டுவதில் தப்பில்லை. சிறு ஊர்க் கடைப் பெயர் போட்ட பாக்ஸ்லாக் (சுடும் பொறி உடல் பெட்டிக்குள்ளேயே இருக்கும் ரகம்) என்றால் யோசியுங்கள். அவற்றில் பலவற்றைப் பர்மிங்காம் பட்டறைகள் செய்து கொடுத்து, கடைக்காரர் தன் பெயரைப் பொறித்து விற்றார். கடை மூடியதும் ஏடும் பழைய பேப்பரோடு போயிருக்கும். அப்படிப்பட்டதற்குப் பழைய வணிக டைரக்டரியில் கடையின் முகவரியைப் பார்த்து, எந்த முகவரியில் எத்தனை காலம் இருந்தது என்று கணக்கிட்டால் பத்துப் பதினைந்து வருட இடைவெளிக்குள் கொண்டுவந்துவிடலாம். மிச்சத்தை முத்திரை பார்த்துச் சுருக்கிக்கொள்ள வேண்டியதுதான்.