ஜெய்ப்பூர் பாதம்: கோணேசர் கோயில் ஏற்றத்துக்கும் நிலாவெளி மணலுக்கும் சரிவருமா?

முழங்காலுக்குக் கீழே கால் இழந்த ஒருவர் திருகோணமலையில் எந்தச் செயற்கைப் பாதம் எடுக்கலாம் என்று கேட்டால், அவரிடம் திருப்பிக் கேட்கவேண்டியது ஒன்றுதான்: ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் வெறுங்காலோடு நிற்கிறீர்கள்? கோயில், கரைவலை, வீட்டு முற்றம் என்று திரிகிறவருக்கு ஜெய்ப்பூர் பாதம் பொருந்தும். நாள் முழுக்கச் சப்பாத்தோடு தார் வீதியில் நடக்கிறவர் இதை எடுத்தால் பாரத்தைத்தான் சுமப்பார்.

கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பியல் மருத்துவர் பி. கே. சேத்தியும் 1968 அளவில் ஜெய்ப்பூரில் உருவாக்கிய பாதம் இது. உள்ளே மூன்று துண்டுகள். கணுக்காலுக்கு மரக்கட்டை, குதிக்கும் முன்பாதத்துக்கும் பஞ்சு இறப்பர். டயர் நூல் சுற்றி, தோல் நிற இறப்பர் போர்த்து, அச்சில் வேகவைத்து எடுப்பார்கள். பெருவிரல் பிரிந்திருப்பதால் பாட்டாச் செருப்பும் மாட்டும்.

நடையில் இது எங்கே வெல்கிறது, எங்கே தோற்கிறது? ஒரு குதி தரையில் பட்டு அதே குதி மறுபடி படும்வரை ஒரு சுற்று. அதில் ஏறக்குறைய 60 வீதம் கால் தரையில், 40 வீதம் காற்றில். குதி பட்டதும் இயல்பான கணுக்கால் 5 முதல் 10 பாகை கீழே மடிந்து பாதத்தை மெல்லப் படுக்கவைக்கும். முழங்கால் 15 முதல் 20 பாகை மடிந்து அதிர்வை வாங்கும். இந்தப் பாதத்திலோ மூட்டே கிடையாது; குதிப் பஞ்சு அமுங்கித்தான் கணுக்காலின் வேலையைச் செய்கிறது. பஞ்சு இறுகியிருந்தால் முழங்கால் முன்னே தள்ளப்படும், பாதம் வெளிப்பக்கம் திரும்பும். மிகத் தளர்ந்திருந்தால் பாதம் 'டப்' என்று தரையில் அறையும்.

உடல் பாதத்துக்கு மேலே வரும் நடுக்கட்டம்தான் இதன் பலம். மூட்டில்லாத கணுக்காலும் மெத்தைக் குதியும் கொண்ட சாச் (SACH) என்ற வழக்கமான செயற்கைப் பாதத்தில் மரச்சட்டம் முன்பாதம்வரை நீளும்; இதில் கணுக்காலோடு நின்றுவிடும். அதனால் முன்பாதம் மேலேயும் பக்கவாட்டிலும் வளைந்து நிலத்துக்கு ஏற்பக் கொடுக்கும். நிலாவெளி மணலிலும், பிரெட்ரிக் கோட்டை வாசல் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறும் சரிவிலும் அந்த வளைவுதான் கைகொடுக்கும். குந்தி இருக்கவும் முடியும்.

அதே வளைவு குதி எழும்பும் கட்டத்தில் காலை வாரும். இயல்பான கணுக்கால் அங்கே 10 பாகை முன்சாய்ந்து, பிறகு 15 முதல் 20 பாகை கீழே உந்தும். இந்தப் பாதம் உந்தாது, துவளும். மற்றக் காலில் பொத்தென்று விழுவதுபோல அடுத்த அடி அமையும். வேகம் கூடினால் நன்றாகத் தெரியும். காலை வீசும்போது இயல்பில் முழங்கால் 60 பாகை மடிய வேண்டும். அப்போது பாதத்தின் பாரம், மீந்த கால் நுழைந்திருக்கும் கிண்ணத்தைக் கீழே இழுக்கும். கிண்ணத்தைக் காலோடு பிடிக்கும் வார் தளர்ந்திருந்தால் விரல் நுனி நிலத்தில் உரசும்.

பொருத்துமிடத்தை விட்டு வெளிக்கிடுமுன் வெறுங்காலோடும், வழக்கமாகப் போடும் செருப்போடும் நடந்து பாருங்கள். வெறுங்காலுக்கு அளவு வைத்த காலில் உயரமான குதிச் சப்பாத்து மாட்டினால் கெண்டைப்பகுதி முன்னே சாய்ந்து முழங்கால் மடங்கப் பார்க்கும். பாதத்தை மிகவும் கீழ்நோக்கிப் பூட்டியிருந்தால் நேர்மாறு: முழங்கால் பின்னே தள்ளப்படும்.

கடலில் இறங்கினால் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வெடிப்பு முதலில் விரல்கள் மடியும் இடத்தில் வரும். எட்டு வைக்கும்போது 'கிளிக்' சத்தம் கேட்டால் பாதத்தைக் காலோடு பூட்டும் போல்ட் தளர்ந்திருக்கிறது. அன்றைக்கே இறுக்குவியுங்கள், விட்டால் மரக்கட்டையின் துளை பெருத்துவிடும்.