ஆறு வருடம், ஒரே வயர், ஒரே ஜாயின்ட்

தஞ்சாவூர் நண்பர் போன வாரம் போனில் கேட்டார்: "வெளியில கட்டுற வயர் ஆன்டெனாவுல ஜாயின்ட் வந்தா சால்டர் வெச்சே ஆகணுமா சார்? நல்லா முறுக்கி டேப் சுத்தினா போதாதா?"

அவர் கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு முந்தின நாள்தான் என் வீட்டு ஆன்டெனாவில் ஒரே ஜாயின்ட்டுக்கு நான்காவது தடவையாக ஈயத்தை உருக்கி ஊற்றி சால்டர் வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியிலிருந்து இறங்கியிருந்தேன். போனில் கொஞ்சம் எரிந்து விழுந்துவிட்டேன். ஆறு மழைக்காலம் பார்த்த ஆன்டெனா அது. அதைப் பற்றி நிதானமாக இங்கே சொல்லிவிடுகிறேன்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்து போன பிறகு நாகப்பட்டினம் பக்கம் பல நாட்கள் கரண்ட் இல்லை. பேட்டரி ரேடியோவில் சிற்றலையைத் திருப்பினால் அப்படி ஒரு சுத்தம்! எல்இடி பல்பு இரைச்சல் இல்லை, இன்வெர்ட்டர் முனகல் இல்லை. அந்த ருசியில்தான் 2019 பொங்கல் முடிந்ததும் வேப்பமரத்துக்கும் மாடிக்கும் இடையே வயர் கட்டினேன். வீட்டு ஒயரிங்கில் மிச்சமான 1.5 சதுர மில்லிமீட்டர் வயர்: 12 மீட்டரில் ஒரு துண்டு, 8 மீட்டரில் ஒரு துண்டு. புதுச் சுருள் வாங்க மனசு வரவில்லை. அந்தக் கஞ்சத்தனத்துக்குத்தான் இன்று வரை வட்டி கட்டுகிறேன்.

முதலில் நண்பர் கேட்ட அதே வழிதான்: முறுக்கி, கறுப்பு டேப். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு அது அருமையாக வேலை செய்தது. சுத்தமான செம்பைச் செம்போடு இறுக முறுக்கினால் ரேடியோவுக்கு அதுவே போதும். ஆனால் சித்திரை வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்தது. உப்புக்காற்று உள்ளே புகுந்தது. மே மாதம் பிரித்துப் பார்த்தபோது இழைகள் பச்சையும் கறுப்புமாக இருந்தன. காற்றடித்தால் ரேடியோவில் கரகரவென்று ஒரு சத்தம்.

சரி, சால்டர் வைப்போம் என்று ஈயத்தை உருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னோடு மாடிக்குப் போனேன். மேஜையில் சர்க்யூட் போர்டுக்கு அது தங்கமான சாமான். மாடியில் கடல்காற்று வீசும்போது அதன் சூட்டைக் காற்றும் கனமான செம்பும் பங்கு போட்டுக்கொள்கின்றன. சால்டர் வைக்கும் 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) 190 டிகிரியை ஒட்டி முழுதாக உருகிவிடும்; ஆனால் வயர் சூடாகாமல் ஈயம் மட்டும் உருகினால் அது ஒட்டாது, மேலே மணி மணியாக உட்காரும். ரேடியோ ரிப்பேர்காரர்கள் சொல்லும் டிரை சால்டர். மல்டிமீட்டர் வைத்தால் பீப் அடிக்கும், நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்புவோம்.

அதைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது சீனாவின் பிபிஎம் நேரக்குறிப்பு நிலையம். 10 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கொரு டிக். இரவில் அதை வைத்துவிட்டு, அக்கா மகனை மாடிக்கு அனுப்பி வயரைக் குச்சியால் தட்டச் சொல்வேன். தட்டும்போது டிக் விட்டு விட்டு வந்தால் ஜாயின்ட் காலி. "மாமா, இன்னும் எவ்ளோ நேரம் தட்டணும்?" என்று மேலிருந்து குரல் வரும்.

இரண்டாவது தடவை ஈயம் நன்றாக ஒட்டுவதற்கென்று கடையில் கொடுத்த பேஸ்டைத் தாராளமாகப் பூசினேன். ஈயம் தண்ணீர் போல ஓடியது, மனசு குளிர்ந்தது. அது அமிலப் பேஸ்ட் என்பது ஆறு மாதம் கழித்துச் செம்பு அரித்துப்போன பிறகுதான் தெரிந்தது. வயருக்கு, ஒட்ட வைக்க உதவும் ரெசின் என்ற பிசின் உள்ளேயே இருக்கும் ஈயக்கம்பியே போதும். வேறு எதையும் பூச வேண்டாம்.

மூன்றாவது, 2020இல் வைத்தது. இதை நான் மெச்சித்தான் ஆக வேண்டும். வயரைக் கீழே இறக்கி, காற்று வராத திண்ணையில் உட்கார்ந்து, இழைகளைப் பிளேடால் சுரண்டி, ஒரு வயரின் நுனியை மற்றதன் மேல் சுற்றும் லைன்மேன் முறுக்குப் போட்டு, இரண்டு பக்கமும் ஆறு சுற்று, 60 வாட் அயர்ன். முடித்து நிமிர்ந்தால், சூடு காட்டினால் சுருங்கி ஜாயின்ட்டை இறுக மூடும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் மேஜையில் கிடக்கிறது. வயர்களை முறுக்குவதற்கு முன்னாலேயே மாட்ட மறந்துவிட்டேன். வேறு வழியில்லாமல், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றினேன். இந்தக் கார்த்திகையில் அந்த டேப்பைக் கிழித்தபோது உள்ளே ஈயம் நேற்று வைத்தது போலப் பளபளவென்று இருந்தது. நான்கு வருட உப்புக்காற்று ஒரு துளி உள்ளே போகவில்லை.

ஆனால் வயர் அறுந்திருந்தது. ஜாயின்ட்டில் இல்லை, அதற்கு இரண்டு விரல் தள்ளி. ஈயம் இழைகளுக்குள் ஊறிப் போய் நின்ற இடம் அது. அதுவரை வயர் கம்பி போல விறைப்பு, அதற்கு அப்பால் நூல் போல இளக்கம். வாடைக்காற்று ஆட்ட ஆட்ட, அந்த எல்லையில் ஒவ்வொரு இழையாக முறிந்திருக்கிறது. இவ்வளவு ஒழுங்காகச் செய்தும் இதுதான் பலன் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

இப்போது முக்கால் அடி பிவிசி பைப் துண்டில் இரண்டு முனையிலும் துளை போட்டு, வயர்களை அதில் கட்டிவிட்டேன். இழுவிசை முழுக்கப் பைப்புக்கு. ஜாயின்ட் கீழே தளர்வாக, மாலை மாதிரித் தொங்குகிறது. ஈயத்தின் வேலை தண்ணீரையும் காற்றையும் உள்ளே விடாமல் வைப்பது. பாரம் தூக்குவதற்கு அதை நம்பக் கூடாது. முதல் நாளே இதைச் செய்திருந்தால் என் இடுப்பு தப்பியிருக்கும்.

இத்தனைக்கும் அந்த ஆன்டெனா மேல் குறை சொல்ல முடியாது. ரேடியோவின் சொந்த ஏரியலில் முணுமுணுக்கும் நிலையங்கள் இதில் வாய்விட்டுப் பேசுகின்றன. இடி மின்னல் நாட்களில் மட்டும் ஆன்டெனா பிளக்கை ரேடியோவிலிருந்து பிடுங்கி வெளியே போட்டுவிடுவேன்.

எல்லாவற்றையும் நண்பருக்குச் சொல்லிவிட்டு முடிவாகச் சொன்னேன்: "சால்டர் நல்லதுதான். ஆனா உங்களுக்கு வேண்டாம். 20 மீட்டர் ஒரே வயரா வாங்குங்க. மரத்துல ஆரம்பிச்சு, மாடி வழியா வளைச்சு, ஜன்னல் வரைக்கும் வெட்டாம கொண்டு வந்துடுங்க. ஜாயின்ட்டே வரக் கூடாது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் மெதுவாக, "பத்து மீட்டர்ல ரெண்டு துண்டு வாங்கிட்டேனே சார்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை 60 வாட் அயர்னோடு தஞ்சாவூர் போகிறேன். ஹீட் ஷ்ரிங்க் குழாயை இப்போதே சட்டைப்பையில் போட்டுவைத்திருக்கிறேன்.