லினக்ஸ்ல ஓடாதுன்னு சொன்ன பிரிண்டர ஓட வச்ச பிரிக்பீல்ட்ஸ் கடை

எங்களது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு சின்ன கணக்கு ஆபீஸ். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10 சப்போர்ட் நின்னுருச்சு, எங்க பழைய கம்ப்யூட்டருங்க விண்டோஸ் 11-ஐ ஏத்துக்கல, சரின்னு எல்லாத்தையும் விண்டோஸுக்குப் பதிலா ஓடுற இலவச லினக்ஸ் மிண்ட்டுக்கு மாத்துனோம். ஆனா நாங்க பிரிண்டராவும் வச்சிருக்கிற பெரிய போட்டோஸ்டேட் மிஷினுக்கு லினக்ஸ் டிரைவரே, அதாவது மிஷினையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்கிற சாஃப்ட்வேரே கிடையாது. வித்த இடத்துல கேட்டா புதுசு வாங்குங்கன்னு ஒரே பேச்சு. நல்லா ஓடுற மிஷின தூக்கிப் போட மனசு வரல.

ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் மாடியில இருக்கிற ஒரு ரிப்பேர் கடைக்கு போன் பண்ணேன். வந்த தம்பி டிரைவர் தேடவே இல்ல, மிஷின்லயே கான்ஃபிகரேஷன் பேப்பர் ஒன்னு அடிச்சுப் பார்த்து, "அண்ணே, இதுக்கு பிசிஎல் 6 தெரியும், அது போதும் லா"ன்னாரு. பிசிஎல் 6-ன்னா பிரிண்டருங்க புரிஞ்சுக்கிற ஒரு மொழி. அப்புறம் மிஷினுக்கு நெட்வொர்க்ல மாறாத ஐபி முகவரி குடுத்து, பிரவுசர்ல லோக்கல்ஹோஸ்ட் 631 தொறந்து, அதுதான் லினக்ஸ்ல பிரிண்ட் வேலைய பாக்குற கப்ஸ், அதுல 9100 போர்ட் வழியா மிஷின சேர்த்து, பிசிஎல் 6 தெரிஞ்ச மிஷினுங்களுக்குப் பொதுவான டிரைவர போட்டாரு. டெஸ்ட் பேஜ் வந்தப்ப ஆபீஸே கைதட்டுச்சு!

முதல்ல ஓரம் வெட்டுப்பட்டு வந்துச்சு, பேப்பர் சைஸ் லெட்டர்ல இருந்திருக்கு, ஏ4-க்கு மாத்துனதும் சரியாயிருச்சு. ரெண்டு பக்கம் அடிக்க டூப்ளெக்ஸ் ஆப்ஷன தனியா ஆன் பண்ணணும், அதையும் பொறுமையா எங்க கிளார்க்குக்கு சொல்லிக் குடுத்தாரு. ஸ்டேப்ளர் மட்டும் வேலை செய்யல, அத முன்னாடியே நேர்மையா சொல்லிட்டாரு. ஸ்கேன் பென்டிரைவ்ல எடுத்துக்கிறோம். மொத்தம் 80 வெள்ளி (ரிங்கிட்). தாராளமா கூப்பிடலாம், சனிக்கிழமை மட்டும் ரொம்ப பிஸி.